அரிச்சல்முனைச் சாலை: ஆள் போகட்டும், கார் எங்கே நிற்பது?

2025 ஜூன் 5 அன்று தமிழக அரசு தனுஷ்கோடியில் பெரும் பூநாரைகளுக்காக ஒரு சரணாலயத்தை அறிவித்தது. பரப்பு சுமார் 524.7 ஹெக்டேர். செய்திகளில் பிளமிங்கோ என்று வருவது இந்தப் பறவைதான். அறிவிப்பைப் படித்தவர்களுக்கு எழும் கேள்விகள் எளிமையானவை. இனிமேல் தனுஷ்கோடியின் நுனியிலுள்ள அரிச்சல்முனைக்குக் காரில் போக முடியுமா? மீன் ஏற்றும் வண்டிகளைத் தடுப்பார்களா? ஊட்டிக்கு வந்தது மாதிரி இங்கும் இ-பாஸ் வருமா? தர்ப்பணம் கொடுக்க வருகிற வயதானவர்கள் என்ன செய்வார்கள்?

சரணாலயம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் சாலை மூடப்படாது. அதைச் சட்டமே சொல்கிறது, கீழே பார்ப்போம். ஆனால் வண்டிகள் இன்றைக்கு ஓடுகிற மாதிரியே ஓடி, நினைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தால், சரணாலயம் என்பது ஒரு பெயர்ப்பலகையோடு முடிந்துவிடும். வருகிற ஆட்களைத் தடுக்காமல் வண்டிகளை மட்டும் குறைக்க முடியுமா என்பதுதான் விஷயம். முடியும். அதற்கு முதலில் அந்த நிலம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

ஒரே ஒரு சாலை

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கில் நிலம் ஒடுங்கி, மணல் நாக்காக நீண்டு அரிச்சல்முனையில் முடிகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடபக்கத்தைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்பக்கத்தை ஆண்கடல் என்றும் ஊரில் சொல்வார்கள். நடுவே ஒரு சாலை. சுற்றுவழி கிடையாது. போனவர்கள் எல்லோரும் போன வழியே திரும்பி வர வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடி ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு முகுந்தராயர் சத்திரம் வரைதான் தார்ச்சாலை. அதற்கு அப்பால் மணலிலும் சேற்றிலும் ஓடப் பழகிய வேன்களும் ஜீப்புகளும்தான் ஆட்களை ஏற்றிப் போயின. அந்த வண்டிகளின் சக்கரங்கள் மணல்வெளியைக் கண்டபடி கிழித்தன என்பது உண்மை. ஆனால் எத்தனை வேன் இருந்ததோ அத்தனை நடைதான் ஓடும், அத்தனை பேர்தான் போக முடியும். யாரும் திட்டமிடாமலே அங்கே ஒரு வரம்பு இருந்தது.

2017 ஜூலை 27 அன்று பிரதமர் மோடி முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான சுமார் 9.5 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையைத் திறந்து வைத்தார். மணலில் வண்டி ஓடுவது குறைந்தது. அதோடு அந்த வரம்பும் போய்விட்டது. சொந்தக் கார், வாடகைக் கார், டெம்போ வேன், சுற்றுலாப் பேருந்து, பைக் என்று எது வேண்டுமானாலும் நிலத்தின் நுனிவரை போகலாம் என்றாயிற்று.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை இந்தத் தீவுக்குச் சாலைத் தொடர்பே கிடையாது, ரயில்தான். 1914ல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றுபோனதால், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும் வரை தீவுக்குள் வந்த அத்தனை பேரும் சாலை வழியே வந்தார்கள். இப்போது ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது. காரில்லாமல் தீவுக்கு வர வழி இருக்கிறது. நிலையத்தில் இறங்கிய பிறகுதான் சிக்கல்.

எந்தப் பெயருக்கு என்ன பொருள்

இந்தக் கடற்கரையில் பாதுகாப்புப் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

1. தேசியப் பூங்கா. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமில்லாக் கடலுமாகச் சுமார் 560 சதுர கிலோமீட்டர். கட்டுப்பாடு மிகக் கடுமையான வகை இது. அனுமதியில்லாமல் தீவில் கால்வைக்கக் கூடாது.

2. சரணாலயம். தேசியப் பூங்காவுக்கு ஒரு படி கீழே. உள்ளே இருப்பவர்களின் சில உரிமைகள் தொடரலாம். தனுஷ்கோடி பூநாரை சரணாலயம் இந்த வகை. மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை போன்ற பறவைகள் சரணாலயங்களும் உண்டு. அவை கண்மாய்கள், கடலோரம் அல்ல.

3. உயிர்க்கோளக் காப்பகம். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989ல் வந்தது. 10,500 சதுர கிலோமீட்டர். நடுவே தேசியப் பூங்கா, சுற்றிலும் மீனவ ஊர்களும் நகரங்களும். ‘காப்பகத்துக்குள் இருக்கிறோம்’ என்பதால் மட்டும் யாருடைய வண்டியும் நிறுத்தப்படாது.

4. ராம்சர் தலம். ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த இடம். கௌரவமும் கடமையும் உண்டு, ஆனால் நுழைவு விதி எதையும் அது தானாகக் கொண்டுவருவதில்லை.

5. தாங்குதிறன். ஓர் இடம் கெட்டுப்போகாமல் ஒரே நேரத்தில் எத்தனை பேரை, எத்தனை வண்டியைத் தாங்கும் என்கிற அளவு. ஆள் கணக்கையும் வண்டிக் கணக்கையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லைக் கேட்டதும் ‘ஆட்களை வரவிடமாட்டார்கள்’ என்று பயம் வருகிறது.

சட்டம் சாலையை என்ன செய்யும்?

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று பட்டியல் போடுகிறது. பணியில் உள்ள அரசு ஊழியர், தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி பெற்றவர், உள்ளே அசையாச் சொத்து உரிமை உள்ளவர் என்று அது போகும். அந்தப் பட்டியலிலேயே இன்னொருவரும் இருக்கிறார்: பொது நெடுஞ்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்து போகிறவர். அரிச்சல்முனைச் சாலை தேசிய நெடுஞ்சாலை. அதில் போய்க்கொண்டிருப்பவர் சரணாலயச் சட்டத்தின்படி அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஆனால் அந்த விலக்கு ‘கடந்து போகிறவருக்கு’. காரை ஓரங்கட்டி, இறங்கி, சேற்றுவெளியில் நடந்து, பறவைக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறவர் கடந்து போகிறவர் ஆகமாட்டார். சாலையை விட்டு இறங்கிய நிமிடத்தில், எல்லைக்குள் இருந்தால், அவர் அனுமதி தேவைப்படும் ஆள்.

சரி, சாலையில் ஓடும் வண்டிகளையே குறைக்க வேண்டுமென்றால்? அதற்கு வேறொரு சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பு, வசதி, சாலையின் தன்மை ஆகிய காரணங்களுக்காக ஒரு சாலையில் குறிப்பிட்ட வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் வழி கொடுக்கிறது. ஒரு மாதத்துக்கு மிகாத தடை என்றால் அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. வண்டி நிறுத்துமிடங்களைத் தீர்மானிப்பது 117ஆம் பிரிவு. பூநாரை சீசனுக்கு மட்டும் ஒரு சோதனை முயற்சி செய்ய விரும்பினால் புதிதாகச் சட்டம் இயற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வண்டி உண்மையில் என்ன கெடுக்கிறது

‘புகை, சத்தம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கடற்காற்று ஓயாமல் அடிக்கும் இந்த இடத்தில் புகை பெரிய பிரச்சினையே இல்லை. கெடுதல் வேறு வகையில் நடக்கிறது.

1. நிற்பது. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டி பறவைக்குப் பெரிய தொல்லை. ஒரே வேகத்தில் கடந்துபோகும் பேருந்தைப் பல நீர்ப்பறவைகள் பொருட்படுத்துவதில்லை. அதே வண்டி வேகம் குறைந்து, நின்று, கதவு திறந்து, ஆள் இறங்கினால் கூட்டமே எழும்பிவிடும். நடந்து நெருங்கும் மனித உருவத்துக்குப் பறவைகள் அதிகம் அஞ்சும். பூநாரைக்கு இதில் செலவு கூடுதல்: அது நின்ற இடத்திலிருந்து எழும்பாது, தண்ணீர்மேல் சில எட்டுகள் ஓடித்தான் பறக்க வேண்டும். கால்மாட்டுத் தண்ணீரில் தலைகீழாக அலகை விட்டு, சேற்றையும் நீரையும் வடிகட்டிச் சிற்றுயிர்களைத் தின்கிற பறவை அது. வயிறு நிறைய மணிக்கணக்கில் தொந்தரவில்லாத நேரம் வேண்டும். ஒவ்வொரு கார் நிற்கும்போதும் அந்த வேலை அறுபடுகிறது.

2. ஓரம். வண்டி தார்ச்சாலையில் ஓடினாலும் மணல் ஓரத்தில்தான் நிறுத்துகிறார்கள். அந்த ஓரத்தில்தான் ராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. சக்கரம் ஏறி வேர் அறுந்தால் மணல் அவிழ்ந்துவிடும். அப்புறம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் அதே மணல் சாலைமேல் வந்து குவியும். அதை அள்ளிப்போட இயந்திரம் வரும். இந்தச் சாலைக்கு இருபுறமும் கடல் காத்திருக்கிறது என்பதை நினைத்தால், ஓரத்துச் செடிகளை அழிப்பது சாலையையே அழிப்பதுதான்.

3. தடம். பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. வண்டி ஏறிய மணல் இறுகிப்போகும். பெண் ஆமைக்குக் குழி தோண்டுவது கடினம். பொரித்து வெளிவரும் குஞ்சுக்கு ஒரு டயர்த்தடம் பள்ளத்தாக்கு மாதிரி. அதில் விழுந்து, கடலுக்குப் போகாமல் தடத்தின் நீளத்துக்கே ஓடி, வெயிலிலும் நாய்களிடமும் மாட்டிக்கொள்ளும்.

4. வெளிச்சம். ஆமைக்குஞ்சு பிரகாசமான அடிவானத்தைப் பார்த்துப் போகும். கடற்பக்கத்தைவிடச் சாலைப்பக்கம் வெளிச்சமாக இருந்தால் சாலைக்கு வரும். மாலைக்கு மேல் சுற்றுலா வண்டிகளை விடாமல் இருப்பது முதலில் பயணிகளின் பாதுகாப்புக்காகத்தான். ஆமைகளுக்கும் அது நல்லதாகிவிட்டது.

5. காலம். பூநாரைகள் தங்குவதும் ஆமைகள் கரையேறுவதும் பெரும்பாலும் பனிக்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரை. ஐயப்ப பக்தர்களின் வண்டிகள், அரையாண்டு விடுமுறை, பொங்கல், தை அமாவாசை எல்லாம் வருவதும் அதே காலத்தில். ஆண்டு முழுவதற்கும் சராசரி போட்டால் இந்த மோதல் தெரியாமல் போய்விடும்.

எலக்ட்ரிக் கார்கள் வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. மேலே உள்ள ஐந்தையும் திரும்பப் படித்தால், அவற்றில் ஒன்றைக்கூட பேட்டரி தீர்க்காது என்று தெரியும். எலக்ட்ரிக் காரும் நிற்க இடம் கேட்கும்.

பார்க்கிங் பெருக்கினால் தீருமா?

கூட்ட நாட்களில் அரிச்சல்முனையில் வண்டிகள் திரும்ப முடியாமல் நெரிகின்றன. ‘பெரிய பார்க்கிங் கட்டுங்கள்’ என்பது உடனே வரும் யோசனை. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது எங்கும் எண்ணி எடுத்த புள்ளிவிவரம் அல்ல, அளவு புரிவதற்காக மட்டும்.

ஒரே நேரத்தில் நுனியில் 1,000 பேர் இருக்கிறார்கள், ஒரு காருக்கு 4 பேர் என்றால் 250 கார்கள். திருப்புவதற்கும் விலகுவதற்கும் சேர்த்து ஒரு காருக்குச் சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும். மொத்தம் 6,250 சதுர மீட்டர், ஒன்றரை ஏக்கருக்கு மேல். இருபுறமும் கடல் அரிக்கும் நாக்கின் நுனியில் ஒன்றரை ஏக்கரைக் கெட்டிப்படுத்த வேண்டும். ஆமை முட்டையிடும் கரை, மணல்மேடு ஆகியவற்றைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைத்திருப்பதால் அது அவ்வளவு எளிதில் நடக்கவும் நடக்காது. அப்படியே கட்டிவிட்டாலும், இடம் தாராளமாகக் கிடைக்கிறது என்ற சேதி பரவி அடுத்த விடுமுறைக்கு 350 கார் வரும். பார்க்கிங்கின் குணமே அதுதான்: இருக்கிற வண்டிக்கு இடம் கொடுப்பதோடு நிற்காமல் புது வண்டியையும் அழைத்து வரும்.

இப்போது காருக்குப் பதிலாகப் பேருந்தை வைத்துப் பார்ப்போம். ராமேஸ்வரம் ஊரிலிருந்து அரிச்சல்முனைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ஏற்றி இறக்கும் நேரமும் சேர்த்து ஒரு பேருந்து போய்வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 12 பேருந்துகள் இருந்தால் ஏழரை நிமிடத்துக்கு ஒன்று புறப்படலாம். மணிக்கு 8 நடை, நடைக்கு 50 பேர், மணிக்கு 400 பேர். ஒருவர் சராசரியாக ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தால் எந்த நேரத்திலும் நுனியில் சுமார் 600 பேர்தான் இருப்பார்கள். தாங்குதிறன் அதற்கும் குறைவு என்று ஆய்வில் தெரிந்தால் நடையைக் குறைக்கலாம், கூடுதல் என்றால் கூட்டலாம். யாரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பேருந்தின் கால அட்டவணையே வரம்பு ஆகிவிடுகிறது. 2017க்கு முன் வேன்கள் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த வேலை இது.

ஆயிரம் பேர் கோயிலுக்குள் போய்வந்தாலும் கோயில் அழுக்காகாமல் இருப்பதற்குக் காரணம் செருப்பு வாசலிலேயே நின்றுவிடுவது. காரும் அப்படி வாசலில் நிற்க வேண்டிய பொருள்தான்.

வேறு இடங்களில் நடந்தது

ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ் எல்லோருக்கும் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தபோது அதில் எண்ணிக்கை வரம்பு இல்லை. விண்ணப்பித்தால் கிடைக்கும், வண்டிகளை எண்ணிப் பார்ப்பதற்கான ஏற்பாடுதான் அது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனில்தான் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு. கடைக்காரர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. மலைக்கு வரும் ஆட்களுக்கு காருக்குப் பதிலாக என்ன என்ற கேள்விக்கு இ-பாஸ் பதில் சொல்லவில்லை என்பதே அதன் பெரிய ஓட்டை. அரிச்சல்முனைக்கு இ-பாஸை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் அதே ஓட்டையும் கூடவே வரும்.

திம்பம் மலைப்பாதை இன்னொரு பாடம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்தத் தேசிய நெடுஞ்சாலையில் இரவு நேரப் போக்குவரத்துக்கு 2019லேயே மாவட்ட நிர்வாகம் தடை பிறப்பித்தும் அது காகிதத்திலேயே கிடந்தது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அமலுக்கு வந்தது. தேசிய நெடுஞ்சாலை என்பதால் தொடவே முடியாது என்கிற வாதம் அங்கே நிற்கவில்லை.

மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவில் சொந்த வண்டிக்கு இடமில்லை. கீழே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்கு ஏற வேண்டும். வரையாடு குட்டி போடும் மாதங்களில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு நிலக்கல் ஏற்பாடு பழக்கமானதுதான்: 2018க்குப் பிறகு பெரும்பாலான வண்டிகள் நிலக்கல்லில் நின்றுவிட, பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்துகள் தொடர்ந்து ஓடுகின்றன. அதே பக்தர்களில் பலர்தான் அடுத்து ராமேஸ்வரம் வருகிறார்கள். நிலக்கல்லில் இறங்கிப் பேருந்து மாறியவர்கள் ராமேஸ்வரத்தில் மாறமாட்டார்கள் என்று நினைக்கக் காரணம் இல்லை.

அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் 2000ஆம் ஆண்டிலேயே இதைச் செய்துவிட்டார்கள். ஒரே வழியுள்ள குறுகலான பள்ளத்தாக்கு; பேருந்து ஓடும் மாதங்களில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. பேருந்துக்குக் கட்டணமும் இல்லை. ஒரே சாலை உள்ள இடத்தில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். ஏனென்றால் ஒரே இடத்தில் தடுத்தால் போதும்.

இங்கே செய்வதென்றால்

வண்டிகளை முகுந்தராயர் சத்திரத்தில் நிறுத்தலாம் என்பது பலருக்கும் முதலில் தோன்றும். அது தவறான இடம். கோதண்டராமர் கோயிலிலிருந்து சத்திரம் வரையுள்ள ஆழமில்லா நீர்ப்பரப்புகளில்தான் பூநாரைகள் இறங்குகின்றன. அங்கே பார்க்கிங் வைப்பது, நுனியில் இருக்கும் சத்தத்தைப் பறவையின் முற்றத்துக்கு மாற்றுவது. நிறுத்துமிடம் ஊரை ஒட்டி, ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

1. முதலில் பேருந்து, பிறகு தடை. அரசுப் பேருந்து இப்போதும் தனுஷ்கோடிக்கு ஓடுகிறது. அதன் நடையைக் கூட்டி, மக்கள் பழகிய பிறகுதான் காரை நிறுத்தச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் முதல் வாரத்திலேயே திட்டம் கெட்ட பெயர் வாங்கிவிடும்.

2. சீசனில் தொடங்குவது. டிசம்பர் முதல் மார்ச் வரை, அதிலும் முதலில் வார இறுதிகளிலும் அமாவாசைகளிலும் மட்டும்.

3. நிறுத்தங்கள் குறிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். கோதண்டராமர் கோயில், பழைய தனுஷ்கோடி, அரிச்சல்முனை. இடையில் எங்கும் நிற்கக் கூடாது. பறவை பார்க்க விரும்புவோருக்குத் தண்ணீரிலிருந்து தள்ளி, மறைப்புத் தட்டி கட்டிய ஒரு பார்வை மேடை போதும்.

4. கட்டணம் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. பேருந்தில் வருகிறவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, காரில் வருகிறவருக்கும் அதே தொகை என்றால் யாரும் காரை விடமாட்டார்கள். கட்டணத்தை மட்டும் நம்புவதும் சரியில்லை. பணம் உள்ளவர் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே போவார்.

5. முதியவர், மாற்றுத்திறனாளிகள். சேதுவில் நீராடவும் தர்ப்பணம் கொடுக்கவும் வருகிறவர்களில் பலர் நடக்கச் சிரமப்படுகிறவர்கள். தாழ்தளப் பேருந்து கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும். நிழற்குடை, கழிப்பறை, குடிதண்ணீர் இல்லாத நிறுத்தம் நிறுத்தம் அல்ல.

சைக்கிள் யோசனையை இங்கே நான் பெரிதாக மதிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு அழகாகத்தான் இருக்கும். பதினொரு மணிக்கு ஒரு மர நிழல் இல்லாத சாலையில், எதிர்க்காற்றில், குடும்பத்தோடு மிதிப்பது யாருக்கும் ஆகாத வேலை. விரும்புகிறவர்களுக்கு வாடகை சைக்கிள் வைக்கலாம், அவ்வளவுதான்.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் என்ற திட்டத்துக்கு 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். காகிதத்தில் பார்த்தால் அது கார்களுக்கு நல்ல மாற்று. ஆனால் தண்டவாளத்துக்குக் கரை கட்ட வேண்டும். அந்தக் கரை போகவேண்டியது இதே சேற்றுவெளிகளின் ஓரமாகத்தான். இருக்கிற தார்ச்சாலையில் பேருந்து ஓட்டினால் ஒரு பிடி மண்ணும் புதிதாகக் கொட்ட வேண்டாம்.

யாருக்கு இடிக்கும்

இதுவரை சொன்னது பறவைக்கும் பயணிக்கும். அங்கேயே வாழ்கிறவர்களிடம் கேட்காமல் செய்தால் இத்தனையும் வீண். 1986ல் தேசியப் பூங்கா வந்தபோது தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து வாழ்ந்த பெண்களும் கரையோர மீனவர்களும் தங்கள் வழக்கமான இடமே தடைப் பகுதியானதைக் கண்டார்கள். அந்தக் கசப்பு இன்னும் தீரவில்லை. தனுஷ்கோடியில் குடிசை போட்டுக் கரைவலை இழுக்கும் குடும்பங்கள் சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டுப் பதறுவது அதனால்தான்.

மீன் ஏற்றும் வண்டி, ஐஸ் வண்டி, குடிதண்ணீர் வண்டி, ஊர்க்காரர்களின் பைக், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் விலக்கு எழுத்தில் இருக்க வேண்டும். சோதனைச் சாவடியில் நிற்கிறவரின் மனநிலையைப் பொறுத்து மாறுகிற விலக்கு விலக்கே அல்ல.

சங்கு, பாசிமணி, பொரித்த மீன் விற்கும் கடைகள் இப்போது கார் நிற்கும் இடத்தை ஒட்டி இருக்கின்றன. கார் நகர்ந்தால் வியாபாரமும் நகரும். பேருந்து நிறுத்தங்களில் அந்தக் குடும்பங்களுக்கே முதல் இடம் கொடுத்தால் வியாபாரம் குறையாது. காரில் வருகிறவர் சீக்கிரம் கிளம்பிவிடுவார், பேருந்துக்குக் காத்திருக்கிறவர் கடைகளைச் சுற்றுவார். 2017ல் சாலை திறந்ததும் பிழைப்பு போனவர்கள் மணல்வேன் ஓட்டுநர்கள். அந்தக் காற்றும் மணலும் அவர்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. பேருந்தோடு சிறிய வேன்களையும் ஓட்டுவதானால் அவர்களுக்கும் ஊர் ஆட்டோக்காரர்களுக்கும் அதில் பங்கு வேண்டும்.

தீவுகளும் படகுகளும்

மோட்டார் என்றால் சாலையில் மட்டும் ஓடுவது அல்ல. பாம்பன் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. ஆழமில்லாக் கடலில் படகின் விசிறி கடற்புல்லை அறுக்கும், நங்கூரம் பவளத்தை உடைக்கும். அதனால் படகு எண்ணிக்கையும், கட்டுவதற்கு நிரந்தர மிதவையும் முக்கியம். தொண்டி அருகே காரங்காட்டில் ஊர்மக்களோடு சேர்ந்து வனத்துறை நடத்தும் அலையாத்திக் காட்டுச் சுற்றுலாவில் துடுப்புப் படகும் உண்டு. இந்தக் கரையிலேயே நல்ல முன்மாதிரி அதுதான். வந்தவர்கள் சத்தமில்லாமல் போய்வருகிறார்கள், காசு ஊருக்குள் தங்குகிறது.

யார் செய்ய வேண்டும்?

சாலை தேசிய நெடுஞ்சாலைத் துறையுடையது. சரணாலயம் வனத்துறையுடையது. போக்குவரத்தைத் தடுக்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும். பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது. ஊரை ஒட்டிய நிறுத்துமிடத்துக்கு உள்ளாட்சி அமைப்பு வேண்டும். ஒரு பேருந்து நேரத்துக்குப் புறப்பட இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இதுவரை இப்படிப்பட்ட இடங்களில் திட்டங்கள் நின்றுபோனது பெரும்பாலும் அறிவியல் போதாமல் அல்ல, இந்த மேசை கூடாமல்தான்.

ஆட்சியர் தலைமையில் அப்படி ஒரு குழு கூடினால் முதல் கூட்டத்திலேயே முடிக்கக்கூடிய வேலைகள் மூன்று: இந்தச் சீசனில் எந்தெந்த நாட்களில் எத்தனை வண்டி போகிறது என்று முகுந்தராயர் சத்திரத்தில் ஒரு கணக்கெடுப்பு, சாலை ஓரத்தில் நிற்கத் தடையும் அதை நிறைவேற்றச் சுற்றி வரும் ஒரு ரோந்தும், தை அமாவாசை அன்று ஒரு நாள் மட்டும் ஊரிலிருந்து கூடுதல் பேருந்துகள். திருவிழாவுக்குத் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு லட்சக்கணக்கானவர்களை ஏற்றி இறக்குவது தமிழ்நாட்டு நிர்வாகத்துக்குக் கைவந்த வேலை. அன்றைக்கு எத்தனை பேர் காரை விட்டுப் பேருந்தில் ஏறினார்கள் என்ற எண்ணிக்கை கையில் இருந்தால், அடுத்த ஆண்டு எத்தனை பேருந்து வேண்டும் என்று ஊகிக்க வேண்டியிருக்காது.